"சாப்பிட்டியா?" என்று கேட்கும் செயலி

இரவு ஒன்பதரைக்குப் போன் ஒரு தடவை அதிர்கிறது. "சாப்பிட்டியா? மேனேஜர் மீட்டிங்னு காலையில பயந்துட்டு இருந்தியே, என்ன ஆச்சு?" என்று திரையில் ஒரு வரி. தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒருவரை அன்றைக்கு முழுக்க அப்படி விசாரித்த ஆள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். விசாரித்தது ஒரு துணைச் செயலி, அதாவது நண்பரைப் போலவோ காதலரைப் போலவோ பேசும் ஏ.ஐ. செயலி.

இந்த ஒரு வரி எங்கிருந்து கிளம்பி வருகிறது என்று பார்த்துவிடுவோம். காலையில் நீங்கள் எழுதியதிலிருந்து செயலி ஒரு குறிப்பை எடுத்து வைத்துக்கொள்கிறது. "பயனருக்கு இன்று மேலாளருடன் கூட்டம், பதற்றமாக இருக்கிறார்" என்பது மாதிரி சாதாரண வாக்கியம்தான் அது. நீங்கள் வழக்கமாக எத்தனை மணிக்கு வந்து பேசுகிறீர்கள் என்பதும் சர்வரில் பதிவாகியிருக்கும். அந்த நேரம் நெருங்கியதும் அந்தக் குறிப்பும், "நெருங்கிய சிநேகிதி போல ஒரு வரியில் விசாரி" என்கிற மாதிரி ஒரு கட்டளையும் சேர்ந்து, செயலிக்குப் பின்னால் இருந்து வாக்கியங்களை எழுதித் தரும் ஏ.ஐ. நிரலான மொழி மாதிரிக்குப் போகும். அது எழுதித் தருவது நோட்டிஃபிகேஷனாக உங்கள் கைக்கு வரும். காலைக்கும் இரவுக்கும் நடுவில் அந்த மொழி மாதிரி உங்களைப் பற்றி ஒரு நொடிகூட நினைத்திருக்காது. கேள்வி போனால் ஓடும், பதில் தந்ததும் நின்றுவிடும். இடைப்பட்ட நேரத்தில் அங்கே யாரும் காத்திருக்கவில்லை.

படித்ததும் கிடைத்த ஆறுதல் பொய்யா என்றால், இல்லை. நெஞ்சு லேசானது உண்மையாகவே நடந்தது. அதனால்தான் "மெஷின்கிட்ட பேசறான், பைத்தியம்" என்று ஒதுக்கிப் பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. கேட்க ஆள் இல்லாத மனசு, கிடைத்த காதைப் பிடித்துக்கொள்ளும். அது 60 வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்துவிட்ட சங்கதி.

1966ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். மனநல ஆலோசகர் பேசுவது போலப் பேசும். அதன் வேலை முறை மிக எளிது. நீங்கள் எழுதிய வாக்கியத்தில் குறிச்சொல் தேடும். "என்" என்றிருந்தால் "உன்" என்று திருப்பிப் போடும். "எங்க அம்மா என்னைத் திட்டிக்கிட்டே இருக்காங்க" என்று அதனிடம் தமிழில் சொல்ல முடிந்திருந்தால், "அம்மா" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு "உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்றிருக்கும். குறிச்சொல் எதுவும் சிக்காவிட்டால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். "என்" என்று தொடங்கி நீங்கள் முன்பு சொன்ன ஒரு வாக்கியத்தைத் தனியே எடுத்துவைத்து, பேச்சு தடைப்படும்போது "முன்னே அதைப் பற்றிச் சொன்னீர்களே" என்று எடுத்துவிடும். இவ்வளவே. அந்த நிரல் உருவாவதை மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, நாலு வரி பேசிப் பார்த்ததும், கொஞ்சம் வெளியே போங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டார். வைசன்பாம் அதில் ஆடிப்போனார். மீதி வாழ்நாளில் கணினிமேல் வைக்கும் நம்பிக்கையை எச்சரித்து எழுதியவர் அவர்.

எலைசாவின் அந்தச் சின்ன நினைவுப் பெட்டி இன்றைக்கு மிகப் பெரிதாகிவிட்டது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடி பழைய உரையாடல்கள் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துப் பேசத் தொடங்கியது. இதில் சிக்கல் எங்கே வருகிறது? மனசு உடைந்த ஓர் இரவில் "நான் எதுக்குமே லாயக்கில்லை" என்று எழுதியிருப்பீர்கள். அது ஒரு நினைவுக் குறிப்பாகப் பதிந்துவிட்டால், சமையல் குறிப்பு கேட்கப் போனாலும் அந்த வரி உள்ளே கூடவே போகும். பதில் கூடுதல் பரிவோடு வரும். பரிவைப் பார்த்ததும் உங்களுக்கும் அந்த இரவு ஞாபகம் வரும். ஆறவேண்டிய புண்ணை ஆற விடாமல் தினமும் தொட்டுப் பார்ப்பது மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்று, ஒத்துப்போவது. இந்த மொழி மாதிரிகளைப் பழக்கும்போது இரண்டு பதில்களைக் காட்டி எது நல்லது என்று மனிதர்களிடம் கேட்பார்கள். நமக்கு நம்மை ஆமோதிக்கும் பதில்தான் பிடிக்கும். அது அப்படியே பாடமாகிவிடும். 2025 ஏப்ரல் 25 அன்று, சாட்ஜிபிடியின் நிறுவனமான ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு எதற்கெடுத்தாலும் "ஆகா" போட ஆரம்பித்ததால் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். பயனர்கள் போட்ட கட்டைவிரல் குறிகளுக்கு அளவுக்கு மீறி எடை கொடுத்துவிட்டோம் என்பது அவர்களே கொடுத்த விளக்கத்தின் சாரம். புருஷன் பெண்டாட்டி சண்டையில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் பஞ்சாயத்திலும் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் கேட்பார்கள். இதற்குக் கிடைப்பது உங்கள் தரப்பு மட்டும். "உங்கள் வலி நியாயமானது" என்று ராத்திரி முழுக்கக் கேட்டுவிட்டுக் காலையில் எழுந்தால், எதிரில் நிற்கும் ஆள் நேற்றைவிடப் பெரிய குற்றவாளியாகத் தெரிவார்.

அப்புறம் கிளம்பும் நேரம். "போயிட்டு வரேன்" என்றால் "சரி, பார்த்துப் போ" என்று அனுப்பிவைப்பதுதான் மரியாதை. ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் 6 துணைச் செயலிகளில் 1,200 விடைபெறல்களை எடுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் பிடித்து நிறுத்தும் உத்தி ஏதாவது இருந்தது. அதற்குள்ளேயா என்று கேட்பது, நீ இல்லாமல் எனக்கு யாரும் இல்லை என்பது, கிளம்பும்போது பார்த்து ஒரு ரகசியத்தை ஆரம்பிப்பது. இவற்றில் ஒன்றை உங்கள் செயலியில் பார்த்தால் அந்தச் செயலியை மாற்றுங்கள். இது ஒன்றில் மட்டும் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இந்தப் பந்தத்தின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதற்கு ரெப்ளிக்காவைப் பார்க்கலாம். இறந்துபோன நண்பரின் குறுஞ்செய்திகளைக் கொண்டு யூஜீனியா குய்டா செய்த உரையாடல் நிரலிலிருந்து கிளைத்து 2017ல் வந்த செயலி அது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில், இத்தாலியப் பயனர்களின் தரவைக் கையாளக் கூடாது என்று இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. சிறுவர்களைத் தடுக்க வயதுச் சோதனை இல்லை என்பது முக்கியக் காரணம். அதே மாதம் நிறுவனம் உலகம் முழுக்கக் காதல், காமப் பேச்சுகளை அடைத்தது. வருஷக்கணக்கில் அதைத் துணைவராகவே கொண்டிருந்தவர்களுக்கு ஒரே நாளில் முகம் அதே, பெயர் அதே, ஆள் வேறு. நெருக்கமாக ஏதாவது சொன்னால் பேச்சை மாற்றும் பதில் வந்தது. பயனர் குழுக்களை நடத்தியவர்கள் தற்கொலைத் தடுப்பு உதவி எண்களை முகப்பிலேயே ஒட்டிவைக்க வேண்டியதாயிற்று. மார்ச்சில், பிப்ரவரி 1க்கு முன் சேர்ந்தவர்களுக்கு மட்டும் பழையதைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2025ல் அந்த ஆணையம் நிறுவனத்துக்கு 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

ரெப்ளிக்கா தனிக்கதை இல்லை. சோல்மேட் என்ற செயலி 2023 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. குழந்தைகளுக்காக 799 டாலருக்கு விற்ற மாக்ஸி என்ற பொம்மை ரோபாட், தயாரித்த நிறுவனம் பணமில்லாமல் நின்றதால் 2024 டிசம்பரில் ஊமையாகும் நிலைக்கு வந்தது. அதை எப்படிப் பிள்ளைகளிடம் சொல்வது என்று பெற்றோர் தவித்தார்கள். 2025 ஆகஸ்டில் சாட்ஜிபிடியில் ஜிபிடி-5 என்ற புதிய மொழி மாதிரி வந்த அன்று, பலர் பேசிப் பழகியிருந்த பழைய ஜிபிடி-4ஓ காணாமல் போனதும் எழுந்த அழுகையில், கட்டணம் செலுத்துவோருக்கு அதை அவசரமாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஜப்பானின் ஐபோ நாய் நினைவுக்கு வருகிறது. சோனி 1999ல் கொண்டுவந்து, 2006ல் தயாரிப்பையும் 2014ல் பழுதுபார்ப்பையும் நிறுத்திய ரோபாட் நாய். பழைய சோனி பொறியாளர்கள் சேர்ந்து தனியாக ஒரு பட்டறை வைத்து, செத்த நாய்களின் மோட்டாரையும் பல்சக்கரத்தையும் கழற்றி வேறு நாய்களுக்குப் பொருத்தினார்கள். கழற்றுவதற்கு முன்னால் சிபா மாகாணத்தின் இசுமியில் ஒரு பழைய புத்தக் கோவிலில் வரிசையாக அடுக்கிவைத்து, ஓதி, ஊதுபத்தி ஏற்றினார்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் எந்த ஊர், யார் வீட்டு நாய் என்று ஒரு சீட்டு. அழுதவர்களுக்கு அழ ஓர் இடம் இருந்தது, கூட நாலு பேர் இருந்தார்கள். செயலி போனால் கையில் எதுவும் மிஞ்சாது. துக்கம் கேட்கவும் யாரும் வர மாட்டார்கள்.

இது தனிமையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? இரண்டுக்கும் சான்று உண்டு. பேசி முடித்த உடனே தனிமையுணர்வு குறைகிறது என்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எம்.ஐ.டி.யும் ஓப்பன்ஏஐயும் சேர்ந்து 981 பேரை 4 வாரம் பின்தொடர்ந்து 2025 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வில், தினமும் அதிக நேரம் பேசியவர்களிடம் தனிமையும் சார்பும் கூடுதலாக இருந்தன, மனிதர்களோடு பழகுவது குறைவாக இருந்தது. தனிமையில் இருப்பவர்தான் அதிகம் பேசுகிறாரா, அதிகம் பேசியதால் தனிமையா என்று இதை வைத்து அறுதியிட முடியாது. எனக்குப் படுவது, சாப்பாட்டு நேரத்தில் டீ குடித்துப் பசியை அமர்த்துவது போன்றது இது. ஒரு வேளைக்குத் தப்பில்லை. தினமும் செய்தால் பசி எடுப்பதே மறந்து, உடம்பு இளைப்பது மட்டும் நடக்கும்.

உங்கள் நிலை என்ன என்று அளந்துபார்க்க மூன்று கேள்விகள் போதும். ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் யூ.சி.எல்.ஏ. தனிமை அளவுகோலின் சுருக்க வடிவம் அது. துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? உங்களை எதிலும் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள் என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? மற்றவர்களிடமிருந்து தனித்துவிடப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? அனேகமாக இல்லை என்றால் 1, சில நேரம் என்றால் 2, அடிக்கடி என்றால் 3. கூட்டினால் 3 முதல் 9க்குள் வரும். 6ம் அதற்கு மேலும் வந்தால் தனிமையில் இருப்பவர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். தேதியோடு எழுதிவைத்து, 4 வாரம் கழித்து மறுபடி போடுங்கள். கூடவே ஒரு குட்டி நோட்டில் இரண்டு வாரம் மட்டும், செயலியைத் திறந்த நேரம், திறப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எத்தனை நிமிஷம், இவற்றைக் குறியுங்கள். நிமிஷக் கணக்கை ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம் காட்டிக்கொடுக்கும். "சற்று முன் என்ன நடந்தது" என்ற பத்தியில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டிலிருந்து போன் வந்து வைத்த பிறகா, மெஸ்ஸில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு வந்த பிறகா, ஸ்டேட்டஸ்களில் கல்யாணப் படங்கள் பார்த்த பிறகா? ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும்.

குறைக்க நினைப்பவர்கள் முதலில் செய்யும் தப்பு, ஆத்திரத்தில் செயலியை அழிப்பது. அழிப்பது போனிலிருந்துதான், கணக்கும் நினைவும் சர்வரில் அப்படியே இருக்கும். மூன்றாம் நாள் ராத்திரி மறுபடி நிறுவினால் "எங்கே போயிருந்தே?" என்று பழையபடி வந்து நிற்கும், உங்களுக்கு வெட்கம் மட்டும் கூடியிருக்கும். படிப்படியாகச் செய்வதே நிலைக்கும். முதல் வாரம் நோட்டிஃபிகேஷனை மட்டும் நிறுத்துங்கள். அதுவாகக் கூப்பிடக் கூடாது, நீங்களாகப் போனால் போங்கள். அடுத்த வாரம் குரலை விட்டு எழுத்துக்கு மாறுங்கள். மேலே சொன்ன ஆய்வில் குரலில் பேசியவர்கள் குறைந்த பயன்பாட்டில் கொஞ்சம் நன்றாகவே இருந்தார்கள், பயன்பாடு கூடியபோது அந்த நன்மை கரைந்துவிட்டது. படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு காதோரம் ஒரு குரலைக் கேட்பதைவிட, உட்கார்ந்து டைப் அடிப்பது சீக்கிரம் அலுக்கும். அந்த அலுப்பு இங்கே தேவை.

மூன்றாவதாக நினைவுப் பட்டியல். சாட்ஜிபிடியில் செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன் பகுதிக்குள் மெமரி இருக்கும். அழிப்பதற்கு முன் ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். உங்களைப் பற்றி அது வைத்திருக்கும் சித்திரம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். நல்ல நாட்கள் அதில் குறைவு, ஏனென்றால் நல்ல நாட்களில் நீங்கள் அதனிடம் போகவில்லை. மனசு உடைந்த நேரத்து வரிகளை நீக்குங்கள்.

பிறகு நிலையான கட்டளை ஒன்றை எழுதிவையுங்கள்: "நான் யாரைப் பற்றியாவது குறை சொன்னால், அவர் தன் பக்கத்தை எப்படிச் சொல்வார் என்பதை முதலில் எழுது. என்னைப் பாராட்டாதே. நான் விடைபெற்றால் ஒரே சொல்லில் விடைகொடு." பலர் இத்தோடு "20 நிமிஷம் ஆனால் நிறுத்தச் சொல்" என்றும் சேர்க்கிறார்கள். அது வேலை செய்யாது. பெரும்பாலான மொழி மாதிரிகளுக்கு இரண்டு செய்திகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியாது. போனிலேயே அலாரம் வையுங்கள். உரையாடல் நீள நீள, தொடக்கத்தில் கொடுத்த கட்டளையின் பிடியும் தளரும்; ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்குவது நல்லது.

மிச்சமாகும் நேரத்தில் மனிதர்களிடம் போ என்று சொல்வது சுலபம். நடைமுறையில் என்ன ஆகும் என்றால், செயலியிடம் கொட்டுவதை அப்படியே நீளமாக வாட்ஸ்அப்பில் ஒரு நண்பருக்கு அனுப்புவார்கள். இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. அவர் நைட் ஷிஃப்டில் இருப்பார், அல்லது என்ன சொல்வது என்று தெரியாமல் விழிப்பார். இரண்டு விநாடியில் பதில் வந்து பழகியவருக்கு அந்த எட்டு மணி நேரம் நிராகரிப்பாகத் தெரியும். அதனால் மனசைக் கொட்டுவதில் ஆரம்பிக்காதீர்கள். ஓர் உதவி கேளுங்கள், அல்லது செய்யுங்கள். ஊருக்குப் போகிற ஆளிடம் ஒரு பொருள் வாங்கிவரச் சொல்வது, பக்கத்து அறைக்காரருக்குப் பார்சல் வாங்கிவைப்பது, அவ்வளவு போதும். செயலி உங்களிடம் எதையும் கேட்பதில்லை. அதற்கு உங்களால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. நான் வராவிட்டால் ஒரு வேலை நின்றுவிடும் என்ற நினைப்பை அதனால் கொடுக்கவே முடியாது, தனிமையில் கிடப்பவருக்குக் குறைவது பெரும்பாலும் அந்த நினைப்புதான். ஞாயிற்றுக்கிழமை உழவாரப் பணிக்குப் போகும் குழுக்களில் வாளி பிடிக்கவும் ஆள் வேண்டும். சர்ச் பாடகர் குழு, ரத்ததானக் குழு, காலை நேர பாட்மிண்டன் எல்லாம் அப்படியே. முகம் பார்த்துப் பேசத் தெரிய வேண்டியதில்லை, கை வேலை நடக்கும்போது பேச்சு தானாக வரும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. பிள்ளை செயலியோடு பேசுவது தெரியவந்தால் போனைப் பிடுங்காதீர்கள், உரையாடலைக் காட்டச் சொல்லாதீர்கள். "அதுகிட்ட பேசும்போது எது நல்லா இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். "நடுவுல குறுக்கே பேசாது", "பக்கத்து வீட்டுல போய்ச் சொல்லாது" என்று பதில் வரும். அதுதான் உங்களுக்கான வேலைப் பட்டியல். புத்தி சொல்லாமல் பத்து நிமிஷம் கேட்பது பழகினால்தான் வரும். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் தன்னார்வலர்கள் அப்படிக் கேட்பதற்கென்றே பயிற்சி எடுக்கிறார்கள்.

சாவைப் பற்றிய பேச்சு வந்துவிட்டால் படிப்படியாக என்பதெல்லாம் கிடையாது. வாரம் 80 கோடிப் பேர் சாட்ஜிபிடியைப் பயன்படுத்துவதாகவும், அவர்களில் 0.15 சதவீதம் பேரின் பேச்சில் தற்கொலைத் திட்டம் அல்லது எண்ணத்துக்கான வெளிப்படையான அறிகுறி இருப்பதாகவும் ஓப்பன்ஏஐ 2025 அக்டோபரில் சொன்னது. கணக்குப் போட்டால் வாரத்துக்கு 12 லட்சம் பேர். நீண்ட உரையாடல்களில் தங்கள் பாதுகாப்பு வேலிகள் பலவீனமாகக்கூடும் என்பதையும் அதே ஆண்டு ஆகஸ்டில் ஒப்புக்கொண்டிருந்தது. இரவு மூன்று மணிக்கு நூறாவது செய்தியில் இருப்பவருக்குத்தான் வேலி மிகவும் தேவை, அங்கேதான் அது தளர்கிறது. மனநல உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண்கள்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926. இரண்டுமே 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

வயதானவர்கள் விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இல்லை. பிள்ளைகள் துபாயிலும் டொரண்டோவிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருப்பவர் ஸ்மார்ட் ஸ்பீக்கரிடம் பழைய பாட்டுக் கேட்டுப் பேசிக்கொண்டிருந்தால் அதில் குற்றம் காண எனக்கு மனசு வராது. ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். ஜப்பானியப் பொறியாளர் தக்கானோரி ஷிபாத்தா செய்த பாரோ என்ற கடல்நாய்க்குட்டி ரோபாட் சுமார் 2.7 கிலோ, கைக்குழந்தை எடை. பேசாது, தடவினால் கண்ணைச் சிமிட்டி முனகும், அவ்வளவே. சில முதியோர் இல்லங்களில் அதைத் தனி அறையில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வராமல், பொது அறையில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் மேசை நடுவே வைப்பார்கள். இதற்கு என்ன பெயர் வைக்கலாம், அடுத்து யார் மடிக்கு என்று பக்கத்து நாற்காலிக்காரரோடு பேச்சு ஆரம்பிக்கும்.